டேமண்ட் ஜான்: ஆயத்த ஆடைத் தொழிலிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் இருபத்து நான்கு மெஷின்கள் கொண்ட ஒரு சிறிய தையல் யூனிட்டை நடத்தி வருகிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணமுள்ள இளைஞர்கள் சிலர் யூனிட்டுக்கு வருவார்கள். கட்டிங் டேபிளைச் சுற்றி உட்கார்ந்து மதியம் வரை பேசுவோம். வருகிறவர்களில் பெரும்பாலோர், தொழில் யோசனையோடு வருகிறவர்கள் பணக்காரர்களிடம் முதலீடு கேட்கும் ஷார்க் டேங்க் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அதன் அமெரிக்க நிகழ்ச்சியில் முதல் நாள் தொட்டு முதலீட்டாளர் நாற்காலியில் இருக்கும் டேமண்ட் ஜான் நம்மைப் போலவே துணி வெட்டித் தைத்துப் பிழைத்தவர் என்று தெரிந்தபிறகு, அவரைப் பற்றிய கேள்விகள் வாரந்தோறும் வருகின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டேமண்ட் ஜான் யார்?

1969 பிப்ரவரி 23 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்து, அதே நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஹாலிஸ் என்னும் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினத் தொழில்முனைவோர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பத்து வயதில் தந்தை பிரிந்து போய்விட, தாயே வளர்த்தார். 1992இல் நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ஃபுபு என்ற ஆடை பிராண்டை உருவாக்கினார். 2009இலிருந்து ஷார்க் டேங்க் நிகழ்ச்சியில் முதலீட்டாளராக இருந்து வருகிறார். சொற்பொழிவு, ஆலோசனை நிறுவனம், நூல்கள் ஆகியவை எல்லாம் அதன் பிறகு வந்தவை.

அவர் முதலில் தைத்து விற்றது என்ன?

ஒரு தொப்பி. கம்பளித் துணியில் தைத்து, உச்சியைக் கயிற்றால் முடிந்துவிடும் குளிர்காலத் தொப்பி அன்று நியூயார்க் இளைஞர்களிடம் வழக்கத்துக்கு வந்திருந்தது. கடையில் அதை 20 டாலருக்கு விற்றார்கள். விலை அவருக்கு அநியாயமாகத் தெரிந்தது. தாயிடம் மெஷினில் தைக்கக் கற்றுக்கொண்டு, சுமார் 40 டாலருக்குத் துணி வாங்கி, பக்கத்து வீட்டு நண்பருடன் சேர்ந்து எண்பது தொப்பிகளைத் தைத்தார். அவற்றைத் தம் பகுதியிலிருந்த ஒரு வணிக வளாகத்துக்கு வெளியே தெருவில் நின்று தொப்பி 10 டாலர் வீதம் விற்றார். ஒரே நாளில் 800 டாலர் கைக்கு வந்தது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிட்டு, மீதமான ஃபிளீஸ் துணியில் ஒரு துண்டை எடுத்து அந்தத் தொப்பியைத் தைத்துக் காட்டுவது வழக்கம். தலைச் சுற்றளவுக்கு ஒரு நீள்சதுரம் வெட்ட வேண்டும். பக்கவாட்டில், ஓரம் பிரியாமல் பிணைக்கும் ஓவர்லாக் தையல் ஒன்று போட்டால் குழாய் வடிவம் வரும். கீழ்வாயை மடித்து அடித்துவிட்டு, மேல்வாயைச் சுருக்கிக் கயிறு கட்டினால் வேலை முடிந்தது. வெட்டும் வடிவம் வரைந்து தரும் பேட்டர்ன் மாஸ்டர் தேவையில்லை, அளவு வரிசை தேவையில்லை, காஜா என்னும் பட்டன் துளையும் பட்டனும் இல்லை. புதிதாக மெஷினில் உட்காரும் ஒருவர் கூட கெடுக்க முடியாத பொருளை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். தொடங்கும்போதே போலோ காலரும் மூன்று பட்டனும் வைத்த டீசர்ட்டில் கை வைத்து, முதல் இருநூறு பீஸில் அறுபதை ரிஜெக்ட்டில் தள்ளிய இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் தொப்பியின் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஃபுபு என்ற பெயருக்கு என்ன பொருள்?

‘நமக்காக, நம்மாலேயே’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர். அன்றைய கறுப்பின இளைஞர்கள் தாம் விரும்பி அணிந்த ஆடைகளைத் தயாரித்த பெரிய நிறுவனங்கள் தம்மை வாடிக்கையாளராக மதிக்கவில்லை என்ற மனக்குறையில் இருந்தார்கள். நம் தெருவில் என்ன உடுத்துகிறோமோ அதை நாமே தைத்து நாமே விற்போம் என்பதை அவர் பெயரிலேயே வைத்துவிட்டார். தொப்பியிலிருந்து டீசர்ட், ஸ்வெட்சர்ட், ஹாக்கி ஜெர்சி எனப் பொருள்கள் பெருகின.

அந்த நாள்களில் அவர் தம் வேலையையும் விடவில்லை. ரெட் லாப்ஸ்டர் என்னும் கடல் உணவகத்தில் பரிமாறிக்கொண்டே, மீதி நேரத்தில் தைத்து, பேக் செய்து, அனுப்பி வந்தார். சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டுத்தான் தொழில் தொடங்க வேண்டும் என்று நினைப்பவர்கள், இந்த நிலை அவருக்கு ஓரிரு மாதமல்ல, ஆண்டுக் கணக்கில் நீடித்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

விளம்பரத்துக்குப் பணம் இல்லாமல் பெயர் எப்படிப் பரவியது?

அவரிடம் எம்பிராய்டரி செய்த ஹாக்கி ஜெர்சிகள் பத்து இருந்தன. இசைக் காணொளிகளின் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோய்ப் பாடகர்களுக்கு அணியக் கொடுப்பார். படப்பிடிப்பு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த படப்பிடிப்புக்கு எடுத்துச் செல்வார். இப்படியே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், முப்பது காணொளிகள் வரை அந்தப் பத்து ஜெர்சிகளே சுற்றி வந்தன. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இது ஏதோ பெரிய நிறுவனம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் சாம்பிள் பீஸுக்கு உள்ள மதிப்பை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆர்டர் தரும் பையருக்கு அனுப்பும் சாம்பிளை, யூனிட்டில் கைதேர்ந்த டெய்லரை உட்கார வைத்து, நூல் பிசிறு ஒன்றுகூட இல்லாமல் வெட்டி, அயர்ன் செய்து அனுப்புவோம். நாம் மொத்தச் சரக்கையும் எப்படிச் செய்வோம் என்பதை அந்த ஒரு பீஸை வைத்தே அவர்கள் கணிக்கிறார்கள். டேமண்ட் ஜான் அந்தச் சாம்பிளைப் பையரின் மேசைக்கு அனுப்பாமல் நாட்டு மக்கள் எல்லாரும் பார்க்கும் திரைக்கு அனுப்பினார்.

அடுத்து, அதே பகுதியில் வளர்ந்து புகழ்பெற்றிருந்த பாடகர் எல்.எல். கூல் ஜேயை ஃபுபு டீசர்ட்டுடன் படமெடுக்கச் சம்மதிக்க வைத்தார். அந்தப் படம் விளம்பரத்துக்குப் பயன்பட்டது. பிறகு அப்பாடகரே நிறுவனத்தின் முகமானார். 1997இல் கேப் என்னும் ஆடை நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் நடித்தபோது அவர் ஃபுபு தொப்பியை அணிந்து வந்ததோடு, தம் பாட்டு வரிகளுக்குள் அப்பெயரின் விரிவையும் நுழைத்துப் பாடிவிட்டார். விளம்பரம் எடுத்தவர்களுக்கு அதன் பொருள் அப்போது பிடிபடவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் செலவில் இன்னொரு நிறுவனத்தின் பெயர் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது.

வீட்டை அடமானம் வைத்தார் என்று சொல்கிறார்களே, எதற்காக?

அவருடைய வாழ்க்கையில் நம் ஊர்க்காரர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1994இல் லாஸ் வேகாஸில் மேஜிக் என்னும் ஆடை வணிகக் கண்காட்சி நடந்தது. ஸ்டால் எடுக்கப் பணமில்லை. நண்பர்கள் ஒரு விடுதி அறையில் சரக்கைத் தொங்கவிட்டு, கண்காட்சிக்கு வந்த கடைக்காரர்களை அங்கே அழைத்துவந்து காட்டினார்கள். ஊர் திரும்பும்போது 3 லட்சம் டாலர் மதிப்புள்ள ஆர்டர் கையில் இருந்தது. கேட்பவர்கள் எல்லாரும் கைதட்டும் இடம் இது. ஆனால் ஆடைத் தொழிலில் இருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும் இடமும் இதுவே. ஆர்டர் கைக்கு வந்த அன்றே செலவு தொடங்கிவிடுகிறது. நூலுக்கும் துணிக்கும் முதலில் பணம். பிறகு சாயம், கட்டிங், தையல் கூலி, பேக்கிங், சரக்குக் கட்டணம் என்று வரிசையாகப் பணம். கடைக்காரரிடமிருந்து வரவோ, சரக்கு போய்ச் சேர்ந்து பல வாரங்கள் கழித்துத்தான். இடைப்பட்ட அந்தக் காலத்தைத் தாங்கும் பணம் அவரிடம் இல்லை.

வங்கி வங்கியாக ஏறினார். இருபத்தேழு வங்கிகள் மறுத்ததாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவருடைய தாய், தாம் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்து 1 லட்சம் டாலர் கடன் வாங்கிக் கொடுத்தார். வீட்டின் பெரும்பகுதி தையல் கூடமானது. கூட்டாளிகள் மெஷின்களுக்கு அருகிலேயே படுத்து எழுந்தார்கள். அந்தப் பணமும் தீர்ந்தது. ஆர்டர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. தொழில் வளர வளர வீடு பறிபோகும் நிலை.

அப்போதும் தாயே வழி கண்டார். கையில் பெருந்தொகைக்கு ஆர்டர் இருக்கிறது, அதை முடிக்க முதலீடு வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தார். வந்த அழைப்புகளில் பல வட்டிக்காரர்களுடையவை. ஒன்று மட்டும் சாம்சங் நிறுவனத்தின் ஜவுளிப் பிரிவிலிருந்து வந்தது. உற்பத்திக்கான பணத்தையும் சரக்கைக் கொண்டுசேர்க்கும் வசதியையும் அவர்கள் ஏற்றார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட அளவு விற்றுக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஃபுபு கூட்டாளிகள் அதைவிடப் பல மடங்கு விற்றார்கள். 1998இல் ஃபுபுவின் ஆண்டு விற்பனை 35 கோடி டாலரை எட்டியது.

நம் ஊரில் ஆர்டர் இருந்தால் வங்கியில் கடன் கிடைக்குமே, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

நல்ல கேள்வி. நேரடி ஏற்றுமதியாளர், பையரின் எல்.சி.யையோ (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) உறுதியான ஆர்டரையோ காட்டி, சரக்கு செய்வதற்கு முன்பே வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்னும் கடனை வாங்க முடியும். திருப்பூர் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊராக வளர்ந்ததில் அந்த வசதிக்குப் பெரும் பங்கு உண்டு. டேமண்ட் ஜானுக்கு அன்று பழைய கணக்கு வழக்கும் இல்லை, பிணையும் இல்லை. அவருடைய சந்தையை வங்கி அதிகாரிகள் அறிந்திருக்கவும் இல்லை.

ஆனால் நம் ஊரிலும் இந்த வசதி ஏற்றுமதியாளரோடு நின்றுவிடுகிறது. அவருக்குக் கட்டிங் முடித்த துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் யூனிட் ஆகியவை எல்லாம் வேலையை முதலில் முடித்துவிட்டுப் பணத்துக்குப் பின்னால் அலைகின்றன. என்னுடைய மூன்றாம் ஆண்டில் ஒரு நிறுவனத்துக்குப் பதினெட்டாயிரம் பீஸ் தைத்துக் கொடுத்தேன். பில் போட்டு அறுபது நாளாகியும் பணம் வரவில்லை. சனிக்கிழமை மாலை. டெய்லர்கள், அவர்களுக்கு உதவும் கைமடிகள், செக்கிங் பெண்கள் எல்லாரும் வாரக் கூலிக்காகக் கட்டிங் டேபிளுக்கு அருகில் வந்து நின்றார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. வயதில் மூத்த செக்கிங் அம்மா ஒருவர் மட்டும், “பரவாயில்லீங்க தம்பி, திங்கக்கெழமை பாத்துக்கலாமுங்க” என்றார். அன்று இரவே என் மனைவியின் வளையல்களை அடகு வைத்து, ஞாயிறு காலையில் வீடுவீடாகப் போய்க் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். டேமண்ட் ஜானின் தாய் அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் கண்முன் வரும்.

இப்போது ஓரளவு பாதுகாப்பு வந்திருக்கிறது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஜாப் ஒர்க் எடுக்கிறவர்கள் குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்து, அந்த எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

அவ்வளவு பெரிய பிராண்ட் பிறகு ஏன் சரிந்தது?

அளவுக்கு மீறிய சரக்கு ஒரு காரணம். ரசனை மாறியது மற்றொன்று. பெரிய கடைகள் எல்லாம் அடுக்கி வைத்த ஆடை, விற்காமல் தேங்கியபோது தள்ளுபடிக் கூடைக்கு வந்தது. ஒரு பெயரைத் தள்ளுபடிக் கூடையில் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர் பிறகு அதை முழு விலைக்கு வாங்குவதில்லை. 2003 வாக்கில் ஃபுபு அமெரிக்கச் சந்தையிலிருந்து பெருமளவு விலகி வெளிநாடுகளில் கவனம் செலுத்தியது. திருப்பூர் காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் சர்பிளஸ் பனியன்கள் குவியல் குவியலாகக் கிலோக் கணக்கில் போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தொலைக்காட்சி அழைப்பு வந்தபோது அவர் தம் பிராண்டின் உச்சத்தில் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஏறியும் இறங்கியும் பார்த்தவராகத்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

தொலைக்காட்சிக்கு எப்படி வந்தார்?

இந்த வகை நிகழ்ச்சி 2001இல் ஜப்பானில் பிறந்தது. தொழில் யோசனையோடு வருகிறவர், பணக்காரர் சிலரின் முன் நின்று பேசி முதலீடு கேட்பதுதான் அதன் அமைப்பு. 2005இல் பிரிட்டனின் பிபிசி அதை டிராகன்ஸ் டென் என்ற பெயரில் எடுத்தது. அமெரிக்காவில் தயாரிப்பாளர் மார்க் பர்னெட் ஷார்க் டேங்க் என்று பெயரிட்டு, ஏபிசி தொலைக்காட்சியில் 2009 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கினார். முதல் ஐந்து முதலீட்டாளர்களில் டேமண்ட் ஜான் ஒருவர். மற்றவர்கள் கெவின் ஓ லியரி, பார்பரா கார்கரன், ராபர்ட் ஹெர்ஜாவெக், கெவின் ஹாரிங்டன். இந்தியில் ஷார்க் டேங்க் இந்தியா 2021 டிசம்பரில் சோனி தொலைக்காட்சியில் வந்தது. தமிழில் 2025 ஜனவரியில் விஜய் தொலைக்காட்சியில் ஸ்டார்ட்அப் சிங்கம் தொடங்கியது.

ஐவரில் ஆடைத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவர் அவர்தான். மென்பொருள், வீட்டுமனை என்று மற்றவர்களுக்கு வேறு வேறு துறைகள் இருந்தன. யாராவது ஒரு டீசர்ட்டையோ காலுறையையோ கொண்டுவந்தால், அவர் கேட்கும் முதல் கேள்விகள், ஒரு பீஸுக்கு அடக்க விலை என்ன, எங்கே தைக்கிறீர்கள், கையிருப்புச் சரக்கு எவ்வளவு என்பனவாக இருக்கும். திருப்பூரில் எந்த முதலாளியும் கேட்கும் கேள்விகள் அவை.

திரையில் கைகுலுக்கினால் பணம் உடனே வந்துவிடுமா?

வராது. ஒருவர் பேசுவது பெரும்பாலும் ஒரு மணி நேரமளவுக்கு நீளும். நாம் பார்ப்பது அதைச் சுருக்கிய பத்து நிமிடம். அங்கே ஒப்புக்கொள்வது சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தமும் அல்ல. பிறகு முதலீட்டாளரின் ஆட்கள் கணக்குப் புத்தகம், வரி, கடன், உரிமைப் பத்திரம் ஆகியவற்றை எல்லாம் சரிபார்ப்பார்கள். அதில் பல ஒப்பந்தங்கள் மாறுகின்றன; பல நின்றும் போகின்றன. முதலீட்டாளர்கள் கொடுப்பது தொலைக்காட்சியின் பணமல்ல, தங்கள் சொந்தப் பணம் என்பதால் அந்தச் சரிபார்ப்பு கடுமையாகவே இருக்கும்.

அவருடைய முதலீடுகளில் நாம் கவனிக்க வேண்டியது எது?

பாம்பாஸ் என்னும் காலுறை நிறுவனம். அதன் நிறுவனர்கள் 2014இல் நிகழ்ச்சிக்கு வந்து, 5 விழுக்காடு பங்குக்கு 2 லட்சம் டாலர் கேட்டார்கள். டேமண்ட் ஜான் அதே 2 லட்சத்தை 17.5 விழுக்காட்டுக்குக் கொடுத்தார். வரும் இளைஞர்களை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 5 விழுக்காட்டின் விலை 2 லட்சம் என்றால், முழு நிறுவனத்தின் மதிப்பு 40 லட்சம் டாலர் என்று அவர்கள் சொல்கிறார்கள். 17.5 விழுக்காடு 2 லட்சம் என்றால், மதிப்பு சுமார் 11.4 லட்சம்தான். ஒரே தொகையை வைத்துக்கொண்டு பேசியதுபோல் தோன்றினாலும், இரு தரப்பும் கண்ட மதிப்பில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தது. பங்கு விழுக்காட்டைக் கூட்டிக் குறைத்துப் பேசுகிற ஒவ்வொரு பேச்சிலும் உள்ளே நடப்பது இந்தப் பேரம்தான்.

வீடற்றோர் விடுதிகளில் மக்கள் அதிகம் கேட்கும் உடுப்பு காலுறை என்று தெரிந்துகொண்ட அந்த நிறுவனர்கள், ஒரு ஜோடி விற்றால் ஒரு ஜோடி தானம் என்ற ஏற்பாட்டில் தொழிலை அமைத்திருந்தார்கள். விரல் நுனியில் உறுத்தும் தையலை நீக்கியது, உள்ளங்கால் வளைவைத் தாங்கும் பின்னலைச் சேர்த்தது எனப் பொருளையும் மெனக்கெட்டுத் திருத்தியிருந்தார்கள். இன்று அந்நிகழ்ச்சியிலிருந்து வந்தவற்றில் மிக அதிகமாக விற்பனையாகும் பொருள்களில் ஒன்று அது. பின்னல் மெஷினில் ஓர் ஊசி ஓட்டத்தை மாற்றி அமைத்து அத்தனை பெரிய சந்தையைப் பிடித்திருக்கிறார்கள் என்றால், பின்னலை நாள்தோறும் பார்க்கும் நாம் அதை எவ்வளவு நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அவர் மீது விமர்சனம் எதுவும் இல்லையா?

உண்டு. நிகழ்ச்சியில் அவரிடம் முதலீடு பெற்ற உணவுத் தொழில் குடும்பம் ஒன்று, தங்களுக்கு உரிய வருமானம் வரவில்லை என்று 2023இல் பொதுவெளியில் குற்றம் சாட்டியது. அவர் மறுத்தார். 2019இல் செய்துகொண்ட சமரச ஒப்பந்தத்தை அக்குடும்பம் மீறுவதாக வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக, அவ்வாறு பேசுவதற்குத் தடை விதித்தது. தடை உத்தரவு வேறு, உள்ளே நடந்த கொடுக்கல் வாங்கல் வேறு என்பதால், இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பங்குதாரர் எவரானாலும், லாபம் எப்படிக் கணக்கிடப்படும், புத்தகத்தை யார் எப்போது பார்க்கலாம் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் மாமன் மச்சான் கூட்டில் தொடங்கிய யூனிட்கள் உடைவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அவருக்கு வாசிப்பதில் சிரமம் உண்டு என்பது உண்மையா?

உண்மை. எழுத்துகளைப் பிரித்தறிவதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா அவருக்கு உண்டு. அதை வெளிப்படையாகவே பேசுகிறார். 2017இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். உரிய காலத்தில் உடலைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு அதன் பிறகு மற்றவர்களையும் வலியுறுத்தி வருகிறார்.

திருப்பூரிலிருந்து அப்படி ஒருவர் ஏன் வரவில்லை?

தையலில் நாம் குறைந்தவர்கள் இல்லை. பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, பிறகு நான்கு மெஷின் போட்டு முதலாளியான எத்தனையோ பேர் இந்த ஊரில் உண்டு. அவர்களுடைய உழைப்பு எந்தத் தொப்பிக் கதைக்கும் இளைத்ததல்ல. வேறுபாடு கழுத்துப் பட்டியில் இருக்கிறது. டீசர்ட்டின் பின்கழுத்தில் மெயின் லேபிள் வைத்துத் தைக்கும் டெய்லருக்கு அருகில் ஒரு நாள் நின்று பாருங்கள். இடது கைப்பக்கம் லேபிள் கட்டு இருக்கும். ஒன்றை உருவி, மையக்குறியில் வைத்து, இரண்டு விநாடியில் அடித்துத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கில் தைப்பார். அத்தனையிலும் வெளிநாட்டுக்காரர் பெயர். நூல் நம்முடையது, சாயம் நம்முடையது, அந்தச் சாயத்தால் நொய்யல் ஆறு பட்ட பாடும் நம்முடையது. பெயர் மட்டும் வேறொருவருடையது. விலையில் பெரும்பங்கு அந்தப் பெயருக்கே போகிறது.

இதை மாற்றிக் காட்டியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தந்தையின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து 1983இல் கே.ஆர். நாகராஜன் தொடங்கிய ராம்ராஜ், வேட்டி என்றாலே நினைவுக்கு வரும் பெயராகத் தொலைக்காட்சி விளம்பரத்தின் வழியே வளர்ந்தது. உள்ளாடையிலும் திருப்பூர்ப் பெயர்கள் நாடு முழுவதும் விற்கின்றன. ஆகவே இங்கிருந்து முடியாது என்பதை நான் ஏற்பதில்லை. ஏற்றுமதி ஆர்டர் தரும் நிச்சயத்தை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் தேங்கக்கூடிய சரக்கின் மேல் பணம் போடத் துணிவு வேண்டும்; தறியும் சாயப்பட்டறையும் வங்கித் தவணையும் தலைக்கு மேல் நிற்கும்போது அந்தத் துணிவு எளிதில் வருவதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

“சாருங்க, டிவியில எப்படிப் பேசறதுன்னு சொல்லிக் குடுங்க” என்று போன மாதம் பல்லடத்திலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டார். குழந்தைகளுக்கான பருத்தி உடுப்பைச் சொந்தப் பெயரில் விற்க நினைக்கிறவர். பேச்சுப் பயிற்சியைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, முதலில் ஒரு பீஸின் காஸ்டிங்கை எழுதச் சொன்னேன். நூல், நிட்டிங், சாயம், துணி சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங், கட்டிங், தையல், லேபிள், பாலிபேக் என்று எழுதியவர், வேஸ்டேஜை எழுத மறந்திருந்தார். வெட்டும்போது போகும் துணியைக் கணக்கில் சேர்த்ததும் அவர் நினைத்திருந்த லாபத்தில் பாதி காணாமல் போயிற்று.

அடுத்து பெயர். டிரேட்மார்க் பதிவில் ஆடைகள் 25ஆம் வகுப்பில் வருகின்றன. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அவர் தேர்ந்தெடுத்திருந்த பெயரை அங்கேயே தேடிப் பார்த்தோம். அதே வகுப்பில் வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருந்தார். லேபிள் அடிக்கக் கொடுத்திருந்த முன்பணம் போனது அவருக்கு வருத்தம்தான்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பெயரோடு வந்தார். விண்ணப்பம் போட்டாயிற்று என்றார். இருநூறு பீஸ் மட்டும், ஒரே அளவில், முன்பக்கம் கட்டும் குழந்தைச் சட்டை, பட்டன் இல்லை. கட்டிங்கை என் டேபிளிலேயே போட்டோம். முதல் பீஸின் கழுத்தில் லேபிளை அவரே மெஷினில் உட்கார்ந்து தைத்தார். சற்றுக் கோணலாக விழுந்தது. பிரித்துவிட்டு மறுபடி வைத்துத் தைத்தார்.